சிங்கப்பூர் கப்பல் பயணம்: உள் கேபினை விட்டுப் பால்கனிக்கு மாறலாமா? நாலு பேருக்கு 183,300 ரூபா கூட

ஹட்டன்_மல்லிகை

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் இரண்டாம் வாரம் சிங்கப்பூரிலிருந்து புறப்படுற 4 இரவுக் கப்பலில் நாலு பேருக்கு ஒரே உள் கேபின் பேசி வச்சிருக்கோம். ஜன்னல் இல்லாதது. நான், வீட்டுக்காரர், மாமியார் (68 வயசு, முழங்கால் வலி, பிரஷருக்கு மருந்து எடுக்கிறாங்க), மகன் (11 வயசு).

வழி இதுதான்: முதல் நாள் பின்னேரம் 5 மணிக்குப் புறப்பாடு. இரண்டாம் நாள் மதியம் 1 மணிக்குப் பினாங்கு. மூன்றாம் நாள் காலையிலிருந்து பின்னேரம் வரை புக்கெட். நாலாம் நாள் முழுக்கக் கடல். ஐந்தாம் நாள் விடிய சிங்கப்பூர்.

ஏஜென்ட் இப்ப கூப்பிட்டு, 780 சிங்கப்பூர் டொலர் கூடப் போட்டா நாலு பேருக்கும் பால்கனி கேபின் தரலாம்னு சொல்றார். டொலர் 235 இலங்கை ரூபா கணக்கில் 183,300 ரூபா. கொடுக்கலாமா? முழுப் பணமும் கட்ட இன்னும் மூணு வாரம் இருக்கு.

கண்டி_டிக்கட்டிங்

தங்கச்சி, அந்த 780 எதுக்குப் போகுதுன்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. கப்பலில் விலை போடுறது ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில். முதல் இரண்டு பேருக்கு முழு விலை, மூன்றாம் நாலாம் ஆளுக்குக் குறைந்த விலை. துறைமுக வரியும் நாளாந்த டிப்ஸும் தலைக்கு இவ்வளவுன்னு வரும். உள் கேபினானாலும் பால்கனியானாலும் அதில் மாற்றமில்லை. சூட் (பெரிய சொகுசு அறை) எடுத்தால்தான் டிப்ஸ் இரண்டு மூன்று டொலர் கூடும். சாப்பாடும் அதேதான், நீச்சல் தடாகமும் மேடை நிகழ்ச்சியும் அதேதான். அந்தக் காசு முழுக்க அறைக்கு மட்டும்தான் போகுது.

ஏஜென்ட் உங்களுக்கு ஒரு மாற்று வழியைத்தான் காட்டியிருக்கார். இன்னும் நாலு இருக்கு, அதுக்கெல்லாம் எழுத்தில் விலை கேளுங்க. நாலு பேருக்கு ஜன்னல் கேபின் ஒன்று. இரண்டு இரண்டு பேராக உள் கேபின் இரண்டு. ஒரு ஜன்னல் கேபினும் அதுக்கு நேர் எதிரே ஒரு உள் கேபினும். ஒரு பால்கனியும் எதிரே ஒரு உள் கேபினும். நடைபாதைக்கு ஒரு பக்கம் வெளிக் கேபின், மறுபக்கம் உள் கேபின்னு இருக்கிறதால எதிரெதிரே கிடைக்கிறது கஷ்டமில்லை.

ஏன் இதைக் கேட்கச் சொல்றேன்னா, நீங்க போறது டிசம்பர். சிங்கப்பூரில் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து வருஷக் கடைசி வரை பள்ளிக்கூட விடுமுறை. நாலு பேர் படுக்கக்கூடிய கேபின் எந்தக் கப்பலிலும் அளவாகத்தான் இருக்கும். அங்கத்தைய குடும்பங்கள் முதல்ல பிடிக்கிறது அதைத்தான். அதனால நாலு பேர் பால்கனி விலை ஏறி நிற்கும், இரண்டு பேர் உள் கேபின் விற்காமல் கிடக்கும். அந்த நேரத்தில் இரண்டு சின்ன அறை ஒரு பெரிய அறையை விட மலிவாக வர்றது சாதாரணம்.

திகதியை மாத்த முடியும்னா ஏப்ரலைப் பாருங்க. நமக்குச் சித்திரை விடுமுறை. சிங்கப்பூரில் பள்ளிக்கூடம் நடக்கிற காலம். பால்கனிக்கும் உள் கேபினுக்கும் உள்ள இடைவெளி அப்ப குறையும். புக்கெட்டில் வெயில் கொளுத்தும், அதையும் சொல்லணும்.

பண்டாரவளை_கேபின்

பால்கனியைப் பற்றி முடிவெடுக்க முன்னால, நாலு பேர் ஒரே கேபினில் எப்படிப் படுப்பாங்கன்னு தெரிஞ்சுக்கணும். உள் கேபின் பொதுவாக 14 முதல் 16 சதுர மீற்றர், பாத்ரூமையும் சேர்த்து. கீழே இரண்டு கட்டில். மேலே, கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறக்குற இரண்டு தட்டுக் கட்டில். ஏற ஒரு ஏணி. கீழ்க் கட்டில் இரண்டையும் சேர்த்து டபுளாகப் போட்டால் மேல் தட்டின் விளிம்பு தலைக்கு நேரே வரும், விடியற்காலை எழும்புற நேரம் இடிபடும். அதனால கட்டிலைப் பிரிச்சே போடுவாங்க. நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம்தான் மிஞ்சும், அந்த இடத்தில்தான் ஏணியும் நிற்கும்.

மாமியார் கட்டாயம் கீழே படுக்கணும். மகன் மேலே சந்தோஷமாக ஏறுவான். மற்ற மேல் தட்டுக்கு நீங்க அல்லது வீட்டுக்காரர் ஏறணும். மேல் தட்டுக்குப் பாரக் கட்டுப்பாடு உண்டு, கப்பலுக்குக் கப்பல் வேற. புக் பண்ணும்போதே கேட்டு வைங்க.

பாத்ரூம் வாசலில் 10, 15 சென்டிமீற்றர் உயரத்துக்கு ஒரு படி நிற்கும், தண்ணி வெளியே வராமல் இருக்க. முழங்கால் வலிக்காரர் தூக்கக் கலக்கத்தில் தடுக்கி விழுறது அந்தப் படியில்தான். உள் கேபினில் விளக்கை அணைச்சால் பகலா இரவான்னே தெரியாது, கை விரலும் தெரியாது. ஒரு சின்ன பற்றரி விளக்குக் கொண்டு போய்ப் பாத்ரூம் வாசலில் ஒட்டுங்க. சுவர் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நல்லாப் பிடிக்கும். டிவியில் கப்பல் முகப்புக் கமராவைக் காட்டுற ஒரு சேனல் இருக்கும். சத்தத்தைக் குறைச்சு அதை ஓடவிட்டால் விடியிறது தெரியும்.

சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே போகும். 30 சென்டிமீற்றருக்கு மேல் தடிப்புன்னா நுழையாமல் போகலாம். நாலு பேருக்கு நாலு பெரிய பெட்டி கொண்டு போனால் இரண்டாவது பெட்டியோடயே நடக்க இடமிருக்காது.

நாலு பேர் பால்கனி கேபினும் இதே அமைப்புத்தான். உள்ளே இரண்டு மூன்று சதுர மீற்றர் கூட, வெளியே நாலு ஐந்து சதுர மீற்றர் பால்கனி. சில விளம்பரத்தில் இரண்டையும் கூட்டி ஒரே இலக்கமாகப் போடுவாங்க, பார்த்துக்கங்க. மேல் தட்டுக் கட்டில் அங்கேயும் இருக்கும். பாத்ரூம் அங்கேயும் ஒன்றுதான். புக்கெட்டில் இறங்கப் போற காலை நாலு பேரும் ஒரு ஷவருக்கு நிற்கிற நெருக்கடிக்குப் பால்கனி மருந்தில்லை, இரண்டாவது பாத்ரூம்தான் மருந்து.

லிந்துலை_கணக்கு

780ஐப் பகல் நேரத்தால் பிரிச்சுப் பாருங்க, பதில் தானா வரும்.

முதல் நாள் 5 மணிக்குப் புறப்பட்டு 7 மணிக்கு இருட்டு. அந்த நேரம் எல்லாரும் மேல் தளத்தில் நிற்பாங்க. பால்கனிக்கு 1 மணி நேரம்னு வைப்போம். இரண்டாம் நாள் காலை 7 முதல் 1 வரை, சாப்பாடு போக 3 மணி. பிறகு பினாங்கு, திரும்பி வர்றப்ப இருட்டு. மூன்றாம் நாள் விடிய 1 மணி, புக்கெட்டை விட்டுப் புறப்படுறப்ப 1 மணி. நாலாம் நாள் முழுக்கக் கடல், ஆனா மதியம் 11 முதல் 3 வரை வெளியே உட்கார முடியாது. 31 பாகை வெயில், ஈரக் காற்று. 15 பாகைக் குளிரில் இருந்து போற நமக்கு அது தாங்காது. அதைக் கழிச்சால் 4 மணி. ஐந்தாம் நாள் பெட்டி கட்டவே நேரம் போதாது.

கூட்டினால் 10 மணி நேரம். மணிக்கு 78 டொலர், நம்ம காசில் 18,330 ரூபா. அதே கடலை, அதே காற்றோடு, மேல் தளத்தில் நாற்காலி போட்டு இலவசமாகப் பார்க்கலாம். ஏழு எட்டு நாள் கடலிலேயே ஓடுற பயணமென்றால் இந்தக் கணக்குத் தலைகீழாகும். நாலு இரவில் இரண்டு துறைமுகம் என்றால் நான் கொடுக்க மாட்டேன்.

நுவரெலியா_மிஸ்

கணக்குச் சரி. ஆனா யாருக்காக அந்தக் கணக்குன்னு பார்க்கணும். மணித்தியாலத்தை எண்ண வேண்டியது நடக்கக்கூடிய மூணு பேருக்கில்லை, மாமியாருக்கு.

புக்கெட்டில் பெரிய கப்பல் பல நேரம் பட்டோங் குடாவில் நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டு போகும். ஆடுற படகில் காலைத் தூக்கி வைக்கணும். முழங்கால் வலியோட அது லேசான காரியமில்லை. அவங்க அன்றைக்குக் கப்பலிலேயே இருந்துட்டாங்கன்னா உங்க 10 மணி நேரம் அவங்களுக்கு 18 மணி நேரமாகும். மேல் தளம் இலவசம்தான். ஆனா கேபினிலிருந்து லிப்ட் வரை நடக்கிறது சில கப்பலில் 100 மீற்றருக்கு மேல். மேலே போனால் பாட்டுச் சத்தம், சிறுபிள்ளைகளின் ஓட்டம், நிழலில் நாற்காலி தேடணும். வயசான ஆள் இரண்டு தரம் போவாங்க, மூன்றாம் தரம் அறையிலேயே படுத்துடுவாங்க. ஜன்னலே இல்லாத அறையில் ஒரு முழுப் பகலும் இருக்கிறது மனசுக்கு நல்லதில்லை.

அதனால மல்லிகை, முதல்ல அவங்ககிட்ட கேளுங்க: பினாங்கில் இறங்குவீங்களா, புக்கெட்டில் இறங்குவீங்களான்னு. பினாங்கில் ஜோர்ஜ் டவுன் சுவெட்டன்ஹாம் துறையிலேயே கப்பல் கட்டும், பாலத்தில் நடந்து இறங்கிடலாம். அது சிரமமில்லை.

லிந்துலை_கணக்கு

மிஸ் சொல்றது நியாயம். ஆனா அதுக்குப் பதில் ஜன்னல் கேபின்தானே? வெளிச்சமும் கடலும் தெரியும். ஜன்னல் திறக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நுவரெலியா_மிஸ்

அந்தத் திறக்காத ஜன்னல்தான் வித்தியாசமே. காற்று முகத்தில் படுறது வேற.

பசறை_மரைன்

கப்பல் மின்சார வேலைப் பக்கத்திலிருந்து சொல்றேன். கேபின் எந்த வகை என்பதை விட எந்த இடத்தில் என்பதுதான் தூக்கத்தைத் தீர்மானிக்கும். பால்கனிக்கு 780 கொடுத்துவிட்டு மோசமான இடத்தில் மாட்டினால் நல்ல இடத்து உள் கேபினே மேல்.

கப்பல் இரண்டு விதமாக ஆடும். முன்னும் பின்னும் ஏறி இறங்குறது ஒன்று, அது மூக்கிலும் வாலிலும் அதிகம். பக்கவாட்டில் சரியிறது இன்னொன்று, அது உயரத்தில் அதிகம். ஸ்டெபிலைசர் துடுப்பு பக்கவாட்டுச் சரிவைத்தான் பெரும்பாலும் குறைக்கும், முன்பின் ஆட்டத்துக்கு அது ஒன்றும் செய்யாது. நீளத்துக்கு நடுவிலேயும் உயரத்துக்குக் கீழ்ப் பாதியிலேயும் இருக்கிற அறைதான் குறைவாக ஆடும். பால்கனி அறைகள் உயரத்தில்தான் இருக்கும். ரம்பொடை மலை வளைவில் வாந்திக்குப் பை தேடுற ஆள் குடும்பத்தில் யாராவது இருந்தால் இதை ஞாபகம் வைங்க.

உங்க வழி டிசம்பரில் பயப்படுறதுக்கில்லை. வடகிழக்குப் பருவக்காற்றை மலாய்த் தீபகற்பம் மறைச்சிடும், மலாக்கா நீரிணை குளம் மாதிரிக் கிடக்கும். அதே மாசம் அதே கப்பலில் வியட்நாம் பக்கம் போனால் தென்சீனக் கடல் நல்லாத் தூக்கிப் போடும். மே முதல் ஒக்டோபர் வரை திரும்பவும் மாறும், தென்மேற்குக் காற்றில் புக்கெட் பக்கம் அலை எழும்பும்.

சத்தத்துக்கு ஒரு வழி இருக்கு. கப்பலின் தள வரைபடத்தை எடுத்து, உங்க தளம், மேல் தளம், கீழ்த் தளம் மூன்றையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வைச்சுப் பாருங்க. மேலேயும் கேபின், கீழேயும் கேபின்னு இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல் தடாகத் தளம் என்றால் விடிய 5 மணிக்கே நாற்காலி இழுக்கிற சத்தம் கூரையில் கேட்கும். மேலே சாப்பாட்டு மண்டபம் என்றால் வண்டிச் சக்கரம். கீழே நடன மண்டபம் என்றால் நடுச்சாமம் தாண்டியும் தாளம். வரைபடத்தில் ஒன்றும் எழுதாமல் வெள்ளையாக விட்ட இடம் சமையலறையோ சாமான் அறையோ, அதுக்குப் பக்கத்தில் எடுக்காதீங்க. முன்பக்கக் கீழ்த் தளம் என்றால் துறைமுகம் பிடிக்கிற நேரம் பக்கவாட்டு உந்தி இயங்கும், அறையே அதிரும். நங்கூரம் போடுற துறைமுகமென்றால் சங்கிலிச் சத்தமும் சேரும். பின்பக்கம் இயந்திர அதிர்வு. இரண்டு அறைக்கு நடுவே கதவு வைச்ச கேபின்னா பக்கத்து அறைப் பேச்சு அப்படியே வரும். வரைபடத்தில் அதுக்கு ஒரு குறி போட்டிருப்பாங்க. ஒரே குடும்பம் இரண்டு அறையும் எடுத்தால்தான் அந்தக் கதவு பிரயோசனம்.

பால்கனிக் கதவைப் பற்றியும் ஒன்று. பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறைக் கதவைத் திறக்கவே கூடாது. காற்று குழாயில் போற மாதிரிப் பாய்ஞ்சு கனமான கதவை அடிச்சு மூடும், விரல் நசுங்கும். சின்னப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிடுங்க. பால்கனி நாற்காலியைக் கம்பியோரம் தள்ளி வைக்கவும் கூடாது. கதவைத் திறந்தபடி விட்டால் பல கப்பலில் அறை ஏசி தானா நின்றுவிடும். நிற்காத கப்பலில் வெளி ஈரக் காற்று குளிர்ந்த கண்ணாடியிலும் ஏசி வாயிலிலும் தண்ணியாகக் கட்டும். கதவைத் திறந்து போட்டுக் கடல் சத்தத்தில் தூங்கலாம்னு நினைச்சுப் பால்கனி எடுக்கிறவங்க இந்த வெப்பப் பகுதியில் ஏமாந்து போவாங்க.

மாத்தளை_பாமசி

ஆட்டத்துக்கு மருந்து பற்றிச் சுருக்கமாக. நம்ம ஊரில் லேசாகக் கிடைக்கிறது சின்னரிசின். பெரியவங்களுக்குப் பயணத்துக்கு 2 மணி நேரம் முன்னால 30 மில்லிகிராம், பிறகு தேவைப்பட்டால் 8 மணிக்கு ஒரு தரம் 15. 5 முதல் 11 வயசுப் பிள்ளைக்கு அதில் பாதி. வாந்தி தொடங்கின பிறகு போட்டால் பலன் குறைவு. தூக்கம் வரும். மாமியார் வயசுக்கும் பிரஷர் மருந்துக்கும் கட்டாயம் டொக்டரைக் கேட்டுத்தான் கொடுக்கணும். அவங்களுக்கு நடை தடுமாறி அந்தப் பாத்ரூம் படியில் விழுந்துடுற ஆபத்து ஆட்டத்தை விடப் பெரிசு. பார்க்கின்சன் இருக்கிறவங்களுக்கு இந்த மருந்து ஆகாது.

தலவாக்கலை_ராஜ்

இடையில் ஒரு கேள்வி. சென்னையிலிருந்து நம்ம பக்கம் வந்து போன கப்பலிலும் இதே கணக்குத்தானா?

கண்டி_டிக்கட்டிங்

அது வேற ரகம் ராஜ். கோர்டேலியா எம்ப்ரஸ் 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு ஓடத் தொடங்கின கப்பல். 1990இல் நோர்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கினது. அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி மிகக் குறைவு. எல்லா அறையும் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரிக் கட்டின ரோயல் பிரின்சஸ் 1984இல் வந்தப்ப அதுவே பெரிய புதுமை. பழைய கப்பலில் பால்கனி குறைவு என்பதால விலை வித்தியாசம் அதிகம், அங்கே ஜன்னல் கேபின்தான் நியாயமான நடுவழி. கப்பலும் சின்னது, வங்காள விரிகுடாவில் ஆட்டம் கூடத் தெரியும். அதனால மரைன் அண்ணன் சொன்ன நடுப்பகுதி விஷயம் அதில் இரண்டு மடங்கு முக்கியம்.

புதுக் கப்பல்களில் எதிர்ப்பக்கம் பிரச்சினை. பால்கனி என்ற சொல்லுக்கே பல அர்த்தம். 2014இல் வந்த குவாண்டம் ஒப் த சீஸ் உள் கேபின் சுவரில் ஆள் உயரத் திரை வைச்சு வெளிக்கடலை நேரடியாகக் காட்டினது. அதைத் திரைப் பால்கனின்னு விற்பாங்க, காற்று வராது. 2018இல் செலிபிரிட்டி எட்ஜில் வந்தது, அறையின் முன் கண்ணாடியையே பொத்தானால் பாதி இறக்குற முறை. தனியாக ஒரு வெளி மேடை அதில் கிடையாது. உயிர்காப்புப் படகுக்குப் பின்னால் வர்ற பால்கனியில் நின்றால் படகின் முதுகுதான் தெரியும். அதுக்கு விலை குறைவு, மறைப்பு உள்ளதுன்னு சின்ன எழுத்தில் போட்டிருக்கும். மல்லிகை, 780 எந்தப் பால்கனிக்குன்னு கேபின் இலக்கத்தோட கேளுங்க. இலக்கம் தர மாட்டேன், கப்பலே பிறகு ஒதுக்கும்னு சொன்னால் அது இடம் தெரியாமல் வாங்குறது. வகை குறையாது, ஆனா இடம் எங்கே வேணும்னாலும் விழும். இரண்டு கேபின் அப்படி எடுத்தால் ஒன்று முன்னாலயும் மற்றது பின்னாலயும் போய்விடும்.

ஹட்டன்_மல்லிகை

இவ்வளவு விவரமாகச் சொன்னதுக்கு எல்லாருக்கும் நன்றி. மாமியாரைக் கேட்டேன். பினாங்கில் இறங்குவாங்க, புக்கெட்டில் படகு என்றால் வரலைன்னுட்டாங்க. ஏஜென்டிடம் விலையும் வாங்கிட்டேன். இப்ப பேசியிருக்கிற உள் கேபினுக்கு மேல் எவ்வளவுன்னு போடுறேன்.

நாலு பேர் ஜன்னல் கேபின்: 310 டொலர் கூட.
உள் கேபின் இரண்டு: 420 கூட.
ஜன்னல் ஒன்று, எதிரே உள் கேபின் ஒன்று: 560 கூட.
நாலு பேர் பால்கனி: 780 கூட.
பால்கனி ஒன்று, எதிரே உள் கேபின் ஒன்று: 910 கூட.

இன்னொன்று. உள் கேபினையே வச்சிட்டுப் பிறகு ஏலத்தில் பால்கனிக்கு விலை கேட்கலாம், மலிவாகக் கிடைக்கும்னு ஒரு ஆள் சொன்னார். அது சரியா? பால்கனியோ ஜன்னலோ, எந்தப் பக்கம் எடுக்கணும்?

கண்டி_டிக்கட்டிங்

ஏலத்தைப் பற்றி முழுசாகத் தெரிஞ்சுட்டு இறங்குங்க. முழுப் பணமும் கட்டின பிறகு கப்பல் கொம்பனி மின்னஞ்சல் அனுப்பும்: இந்த வகைக்கு மாற ஆளுக்கு ஆகக்குறைஞ்சது இவ்வளவு கேளுங்கன்னு. ஆளுக்கு என்று போட்டாலும் இரண்டு பேருக்கு அறவிடும். தனி ஆள் போனாலும் இரண்டு பேர் காசு. நாலு பேர் இருந்தாலும் முதல் இரண்டு பேருக்கு மட்டும் எடுக்கிற கொம்பனிகள் உண்டு. அங்கேதான் குடும்பங்களுக்கு ஆசை வரும். ஆளுக்கு 150 கேட்டு 300 டொலரில் பால்கனி கிடைச்சால் 780ஐ விட எவ்வளவோ லாபம்.

ஆனா நாலு பேர் படுக்கிற பால்கனி ஒன்று கடைசி நேரம் வரை காலியாக இருந்தால்தான் அது நடக்கும். டிசம்பரில் அது நடக்கிற காரியமில்லை. கிடைச்சாலும் இடத்தை நீங்க தெரிவு செய்ய முடியாது. நடுப்பகுதியில் பார்த்து எடுத்த அறை போய், மூக்கில் ஒன்று வரலாம். ஏற்றுக்கொண்ட அந்த நிமிஷம் கார்டில் காசு போகும், திரும்ப வராது. இரண்டு கேபின் எடுத்திருந்தால் ஒவ்வொன்றும் தனி ஏலம். ஒன்று மேலே போய் மற்றது கீழேயே நிற்கும், எதிரெதிர் என்ற கதையே முடிஞ்சிடும். மாமியார் தனியாகிற ஆபத்து இருக்கிறதால உங்களுக்கு ஏலம் வேண்டாம்.

ஏஜென்ட் தன்னுடைய மின்னஞ்சல் முகவரியைப் போட்டிருந்தால் அந்த அழைப்பே உங்களுக்கு வராது என்பதும் தெரிஞ்சிருக்கட்டும். மொத்தமாக எடுத்த குழு டிக்கட்டை ஏலத்தில் சேர்க்காத கொம்பனிகளும் இருக்கு.

உங்க கையில் இருக்கிற நல்ல ஆயுதம் இந்த மூணு வாரம்தான். முழுப் பணம் கட்டுற திகதிக்கு முன்னால விலை குறைஞ்சால் புதிய விலைக்கு மாத்தச் சொல்லலாம். வாரத்துக்கு இரண்டு தரம் கப்பல் கொம்பனியின் ஒன்லைன் விலையைப் பாருங்க. நாலு பேரையும் போட்டுத் தேடணும். இரண்டு பேரைப் போட்டுத் தேடினால் வேற விலை காட்டும். 235 ரூபா என்பது எந்த நாள் விலை, வங்கி விற்கிற விலையா, கார்டுக்கு வங்கி தனியாகச் சேர்க்கிற வீதம் அதில் அடங்குமான்னும் கேளுங்க. வெளிநாட்டுக் காசுக் கட்டணத்துக்கு வங்கி எடுக்கிறதைச் சேர்த்தால் 183,300 அதுக்கு மேலே போகும்.

இன்னொன்று, மலேசியாவுக்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேணும். பினாங்கில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் கப்பல் கொம்பனி அதைக் கேட்குமான்னு எழுத்தில் வாங்குங்க. விசா கைக்கு வராமல் திரும்பக் கிடைக்காத காசைப் போடாதீங்க.

பசறை_மரைன்

பக்கம் பற்றி நான் சொல்றேன். பதுளைக் கோச்சியில் (ரயிலில்) எந்தப் பக்கம் உட்காரணும்னு கேட்கிற மாதிரித்தான், ஆனா இதில் திரும்பி வர்றப்ப பக்கம் மாறும். சிங்கப்பூரிலிருந்து வடமேற்கே போறப்ப வலப்பக்கம் மலேசியக் கரை. நீரிணையில் கப்பல்கள் வலப்பக்கமாகவே போகணும் என்பதால வடக்கே போற பாதை மலேசியாவுக்குக் கிட்ட. காலை வெயிலும் அந்தப் பக்கம். திரும்பி வர்ற நாலாம் நாள்தான் உங்களுக்கு முழுக்கடல் நாள். அப்ப கப்பல் தென்கிழக்கே பார்த்து ஓடும். டிசம்பரில் வெயில் தெற்கே சாய்ந்திருக்கும், வலப்பக்கம் மதியத்திலிருந்து பின்னேரம் வரை வறுத்தெடுக்கும். இடப்பக்கம் காலை வெயில், மதியத்துக்குப் பிறகு நிழல். கப்பலுக்குள் அது போற திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம். அதை எடுங்க. கேபின் இலக்கம் இரட்டையா ஒற்றையா என்பதை வைச்சுப் பக்கத்தைக் கண்டுபிடிக்கலாம், ஆனா கொம்பனிக்குக் கொம்பனி மாறும், வரைபடத்தில் பார்த்து உறுதி பண்ணுங்க.

சாமான் பற்றி: கேபினில் பெரும்பாலும் 110 வோல்ட் அமெரிக்கச் சொக்கட்டும், 220 வோல்ட் இரண்டு உருண்டைப் பின் ஐரோப்பியச் சொக்கட்டும் இருக்கும். நம்ம சதுரப் பின் போகாது, அடாப்டர் வேணும். சேர்ஜ் பாதுகாப்பு (மின்னழுத்தம் திடீர்னு ஏறினால் தடுக்கிறது) உள்ள எக்ஸ்டென்ஷன் கொண்டு போகாதீங்க, பெட்டியைச் சோதிக்கிறப்ப எடுத்து வைச்சிடுவாங்க. அதுக்குக் காரணம் இருக்கு. கரையில் மாதிரிக் கப்பலில் நியூட்ரல் கம்பியை நிலத்தோட கட்டியிருக்காது. இரண்டு கம்பியிலும் மின்சாரம் இருக்கும். அந்தப் பாதுகாப்புச் சில்லு கப்பல் உடம்போட சேர்ந்து சூடாகித் தீப்பிடிக்கலாம். கெட்டிலும் அயனும் அதே மாதிரித் தடை. மாமியாருக்கு விடியத் தேத்தண்ணி வேணும்னா அறையில் கெட்டில் இருக்கான்னு முன்கூட்டியே கேளுங்க. இல்லைன்னால் பபே தளத்துக்குத்தான் போகணும். தேயிலையை நம்ம வீட்டிலிருந்தே கொண்டு போங்க.

லிந்துலை_கணக்கு

இப்ப வந்த விலையைப் பார்த்தால் 560 தான் சரி. இரண்டு அறை, இரண்டு பாத்ரூம், யாரும் ஏணி ஏறத் தேவையில்லை, மாமியாருக்கு வெளிச்சம். நாலு பேர் பால்கனியை விட 220 டொலர் குறைவு, 51,700 ரூபா. அந்தக் காசில் பினாங்கில் மதியத்திலிருந்து ஒரு வாகனம் பிடிச்சால் மாமியாருக்கு நடையும் மிச்சம்.

நுவரெலியா_மிஸ்

நான் 910 பக்கம். 560க்கும் 910க்கும் இடையில் 350 டொலர், 82,250 ரூபா. அதுக்கு மாமியாருக்குப் புக்கெட் நாள் முழுக்கக் காற்றும், நாலாம் நாள் மதியத்துக்குப் பிறகு நிழலோட கடலும், குடும்பமே சேர்ந்து உட்கார ஒரு இடமும் கிடைக்குது. நாலு பேருக்கும் அந்தப் பால்கனி பொதுதானே, எதிர் அறையிலிருந்து இரண்டு அடி வைச்சால் போதும். கையில் இருந்தால் கொடுங்க. கடன் வாங்கியோ சீட்டெடுத்தோ கொடுக்கிறதானால் வேண்டாம், 560ஏ நல்லது. இப்ப இருக்கிற உள் கேபினில் நாலு பேரையும் அடைக்கிறது மட்டும் கூடவே கூடாது.

பண்டாரவளை_கேபின்

மிஸ் சொன்ன கடைசி வரிக்கு நூற்றுக்கு நூறு.

ஹட்டன்_மல்லிகை

560க்கு எழுதிட்டேன். 131,600 ரூபா. பால்கனிக்கு மனசு இருந்தது, ஆனா பினாங்கு வாகனமும் விசாச் செலவும் பார்த்து நிறுத்திட்டோம். 8ஆம் தளம், நடுப்பகுதி, இடப்பக்கம். ஜன்னல் கேபினில் மாமியாரும் மகனும், எதிரே நாங்க இரண்டு பேரும். 7இலும் 9இலும் மேலே கீழே கேபின்தான், வரைபடத்தை வைச்சுப் பார்த்தேன். லிப்ட் ஆறு கதவு தள்ளி. நடுவே இணைப்புக் கதவு இல்லை. இனி என்ன பார்க்கணும்?

பண்டாரவளை_கேபின்

ஆறு கதவு தள்ளி என்பது நல்ல தூரம், லிப்ட் மணிச் சத்தமும் வராது, நடையும் இல்லை.

இரண்டு முன்பதிவு இலக்கத்தையும் ஒன்றோட ஒன்று இணைக்கச் சொல்லுங்க, இல்லாட்டி இராச் சாப்பாட்டில் இரண்டு மேசையில் பிரிச்சுப் போட்டுவிடுவாங்க. ஏறினவுடனே வரவேற்பு மேசையில் கேட்டால் எதிர் அறைக்கும் ஒரு திறப்புக் கார்டு தருவாங்க. மாமியார் அறைக் கார்டு ஒன்று உங்க கழுத்திலேயே தொங்கட்டும். அவசரகாலப் பயிற்சிக்குக் கூடுற இடம் கேபினை வைச்சுத்தான் வரும். எதிரெதிர் என்பதால ஒரே இடமாக இருக்கும், ஆனாலும் கார்டில் உள்ள எழுத்தைப் பாருங்க. மகனுக்குச் சிறுவர் உயிர்காப்பு அங்கி அறையில் இல்லாட்டிப் பணியாளரிடம் உடனே கேளுங்க. மாமியார் பாத்ரூமுக்கு வழுக்காத விரிப்பும், ஷவருக்குள் உட்கார ஒரு இருக்கையும் வேணும்னு இப்பவே மின்னஞ்சல் போடுங்க. அதுக்குக் காசு எடுக்க மாட்டாங்க, ஆனா கப்பலில் இருக்கிறது கொஞ்சம்தான், முன்னால் கேட்டவங்களுக்குத்தான் கிடைக்கும். மருந்தை மட்டும் கைப்பையில் வைங்க. துறைமுகத்தில் கொடுக்கிற பெட்டி அறைக்கு வர இரவாகலாம்.